வர்த்தமானித் தளம்: பாதுகாப்பு அமைச்சின் கீழ் எது வருகிறது என்று பார்க்கலாமா?

காணி விடுவிப்புக்கோ தொண்டு நிறுவனப் பதிவுக்கோ கடிதம் எழுதப் போனால் வரும் முதல் கேள்வி, "இது ஆருக்குக் கீழ வருது?" என்பதுதான். இலங்கை அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் வர்த்தமானித் தளம் (அரசின் உத்தியோகபூர்வ அறிவித்தல் இதழ்கள் இருக்கும் இணையத்தளம்) இதற்குக் காசில்லாமல் பதில் தருகிறது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வாய்வழி கேட்பதைவிட நம்பலாம். ஆனால் தேடும் வசதிக்கு 5க்கு 2 போடலாம், அவ்வளவுதான்.

அமைச்சர் யார் என்று தேடுவதில் பெரிய பயனில்லை. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் யாப்பு பாதுகாப்பைப் பிரதமரிடமே கொடுத்திருந்தது. 1978க்குப் பிறகு பெரும்பாலும் ஜனாதிபதியிடம். திலக் மாரப்பன அமைச்சராக இருந்த காலத்தில், 2003 நவம்பரில் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா அந்த அமைச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இப்போதும் ஜனாதிபதியே. மாறிக்கொண்டிருப்பது அமைச்சின் கீழுள்ள நிறுவனங்களின் பட்டியல்.

அந்தப் பட்டியல் அதிவிசேட வர்த்தமானியில், அதாவது வழக்கமான வெள்ளிக்கிழமை இதழுக்குப் புறம்பாக வெளியிடப்படுவதில், வரும். தலைப்பை வைத்துத் தேடாதீர்கள், இலக்கத்தை வைத்துத் தேடுங்கள். 2153/12 என்றால் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வார இலக்கம், பின்னால் இருப்பது அந்த வாரத்தின் வரிசை. உள்ளே மூன்று நிரல்கள்: விடயங்கள், நிறுவனங்கள், சட்டங்கள். பலர் முதல் நிரலோடு நின்றுவிடுகிறார்கள். அதில் பொதுப்படையான வசனங்கள்தான். சரக்கு இரண்டாம் நிரலில். 2019 டிசம்பர் 10ஆம் திகதிய அந்த 2153/12ஐத் திறந்தால் முப்படைகளோடு பொலிஸ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலகம் எல்லாம் பாதுகாப்பின் கீழ் நிற்கும். 2010க்குப் பின் கொஞ்சக் காலம் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் அங்கேதான் இருந்தது. இன்று அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வளிமண்டலவியல் திணைக்களமும் அதே கூரையின் கீழ். புயல் எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் இந்த நிரலே பதில்.

சிக்கல்கள்: திருத்த வர்த்தமானிகள் மாறிய வரிகளை மட்டும் தரும். மூல வர்த்தமானியைப் பக்கத்தில் வைக்காமல் வாசித்தால் ஒன்றும் பிடிபடாது. பழைய தமிழ்ப் பிரதிகள் பல யுனிகோட் எழுத்துருவில் இல்லை. கோப்புக்குள் சொல்லைத் தட்டினால் எதுவும் கிடைக்காது, படியெடுத்தால் கோணல் எழுத்துத்தான். ஆங்கிலப் பிரதியில் வரி இலக்கத்தைக் கண்டுபிடித்து, அதே இலக்கத்தைத் தமிழில் பார்ப்பதே வழி.

காணிக்காரருக்கு இன்னொரு பொறி. இராணுவம் இருக்கிற காணி என்பதால் பாதுகாப்பு அமைச்சின் பெயரில் தேடினால் தவறவிடுவீர்கள். சுவீகரிப்பு (அரசு காணியை எடுத்துக்கொள்ளும்) அறிவித்தல்கள் காணி அமைச்சின் பெயரில் வரும். அதிவிசேடத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைக் குறித்து 2025 மார்ச் 28இல் வந்த 2430, சாய்கோடு இல்லாத சாதாரண வெள்ளிக்கிழமை வர்த்தமானி. உரிமை கோர 3 மாதம்தான் கொடுத்திருந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு மீளப் பெறப்பட்டது வேறு கதை; வெள்ளிக்கிழமை இதழையும் புரட்டினால்தான் இப்படியானவை கண்ணில் படும்.

காணி எடுப்பதன் முதல்படியான, காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தலுக்கு இந்தத் தளத்தை நம்பியிருக்க வேண்டாம். அது காணியிலோ அருகிலோ ஒட்டப்படும். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கான அறிவித்தல் அப்படித்தான் வந்தது. அதற்கு விதானையாரையும் (கிராம அலுவலரையும்) பிரதேச செயலகத்தையும்தான் கேட்க வேண்டும்.