உறையின் மேல் 1070, ஸ்டிக்கரின் கீழ் 1093: ஃபேன் பெல்ட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

போன மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், தொழுதூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் கார் நின்றது. காரணம், 12 நாளுக்கு முன்னால் நானே தேடிப் போய் வாங்கிய 650 ரூபாய் பெல்ட். கடையின் பெயரைப் போடவில்லை. உறையில் வேறு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் இந்த வேலையை அந்த ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று நான் நம்பவும் இல்லை.

எல்லோரும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம். இந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் ஃபேனுக்குத் தனி மோட்டார் இருக்கிறது. பெல்ட் சுற்றுவது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றை. என் வண்டியில் பவர் ஸ்டியரிங் பம்பும், எஞ்சினைக் குளிரவைக்கும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான். ஆக, அது போனால் நான்கும் ஒன்றாகப் போகும்.

சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக், "பெல்ட்டை மாத்திடலாம் சார், 70,000 ஓடிடுச்சு" என்றார். எடுத்துப் பார்த்தால் ஒரு விரிசல்கூட இல்லை. ஏமாற்றுகிறாரோ என்று அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அது என் தப்பு. பழைய ரப்பர்தான் வெடிக்கும். இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட் டயர் மாதிரி சத்தமில்லாமல் தேயும். விரிசல் தெரியவில்லை என்பதற்காக நல்ல பெல்ட் என்று சொல்லிவிட முடியாது.

பழைய பெல்ட்டின் முதுகில் 6 பி.கே. 1070 என்று இருந்தது. 6 என்பது நீளவாக்கில் ஓடும் ரிப்களின் (மேடுகளின்) எண்ணிக்கை, பி.கே. என்பது அந்த ரிப்களின் வடிவம், 1070 என்பது மில்லிமீட்டரில் சுற்றளவு. இதைப் பேப்பரில் எழுதிக்கொண்டு, பழைய பெல்ட்டை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டுப் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். செய்த முட்டாள்தனங்களில் முதலாவது இது.

கடையில் நல்ல கூட்டம். பையன் உள்ளே போய் ஐந்து நிமிடம் கழித்து ஒன்றைக் கொண்டுவந்தான். அட்டை உறையில் பளிச்சென்று 6 பி.கே. 1070 ஸ்டிக்கர். ரிப்களை எண்ணினேன், ஆறு சரியாக இருந்தது. பெல்ட்டின் முதுகில் கம்பெனி பெயர் தெளிவாக இருந்தது, நம்பர் மட்டும் துடைத்த மாதிரி மங்கல். கேட்டேன். "பிரிண்டிங் அப்படித்தான் சார் வருது, உறையிலதான் இருக்கே" என்றார் முதலாளி. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'பெல்ட் - 650' என்று எழுதிக் கொடுத்தார். சரி என்று வாங்கிக்கொண்டேன். அப்புறம் புலம்பி என்ன பயன்?

மாட்டிய மறுநாள் காலையிலேயே ஸ்டார்ட் பண்ணியதும் 'கீ...' என்று ஒரு கத்தல். ஏசி போட்டால் இன்னும் கூடியது. மெக்கானிக், "புது பெல்ட்டு, செட் ஆகணும்" என்று ஏதோ ஸ்ப்ரே அடித்தார். சத்தம் நின்றது. நான்கு நாளில் திரும்ப வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி தேய்க்கச் சொன்னார். நல்லவேளை, அதைச் செய்யவில்லை.

ஹைவேயில் முதலில் பேட்டரி லைட் எரிந்தது. அடுத்த நிமிடமே ஸ்டியரிங் கல்லாக இறுகியது. ஓரங்கட்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டிவிட்டது. உடனே எஞ்சினை அணைத்தேன். பானட்டைத் திறந்தால், ஓரத்து ரிப் ஒன்று முழுசாக உரிந்து, அதன் நூல் குருவிக் கூடு மாதிரி எஞ்சினோடு சுழன்று பெல்ட்டை ஓட்டும் சக்கரமான கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அந்த நூல், எஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பாகங்களை மூடியிருக்கும் டைமிங் கவருக்குள் போயிருந்தால் எஞ்சினே காலியாகியிருக்கலாம். காரை இழுத்துப் போன டோ வண்டிக்கு மட்டும் 4,500 ரூபாய்.

பெரம்பலூரில் பார்த்த மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசவில்லை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைக் காட்டினார். அதன் கை போகக்கூடிய கடைசி எல்லையில் போய் நின்றிருந்தது. "பெல்ட் நீளம் ஜாஸ்தி தம்பி. இழுக்க அதுக்கு இடமே இல்ல. உறை இருக்கா?" டேஷ்போர்டுக்குள் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். 1070 ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தார். கீழே அச்சடித்த எழுத்தில் 6 பி.கே. 1093.

23 மில்லிமீட்டர் வித்தியாசம். கேட்டால் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பெல்ட்டை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் அது பாதியாகி, பதினொன்றரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும், ஒரு விரல் அகலம்கூட இல்லை. கையில் பிடித்துப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பழையதையும் புதியதையும் ஒரே ஆணியில் சேர்த்து மாட்டினால்தான் காட்டிக்கொடுக்கும். ஓடித் தேய்ந்த பெல்ட் நீண்டிருக்கும் என்று கடையில் சமாளிப்பார்கள், நம்ப வேண்டாம். உள்ளே பாலியஸ்டர் நூல் ஓடுகிறது, அவ்வளவெல்லாம் நீளாது. அதுவுமில்லாமல், பழையது நீண்டிருந்தால் அதுதானே கீழே தொங்க வேண்டும்? அதனால் பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். முதுகில் நம்பர் மங்கலாக இருந்தால் விலை எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஒரே மாடலில் ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும் பெல்ட் வேறாக இருக்கலாம். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காமல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். கத்தும் பெல்ட்டின் ரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை, சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேராக இல்லை. ஓடும் பெல்ட்டில் கை, துணி எதுவும் படாமல் தள்ளி நின்று தெளிக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்தால் இரண்டும் தெரியாமல் மூடிக்கொள்ளும். என் வண்டியில் நடந்ததும் அதுதான். புது பெல்ட் மாட்டுவதற்கு முன் பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியை விரலால் சுற்றிவிட்டார். கரகரவென்றது, அதையும் மாற்றினார். மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, டார்ச் அடித்து, ஆறு ரிப்பும் ஆறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு புல்லியாகப் பார்த்தார். சென்னையில் இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். "ரப்பர் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது சார்." உறையைக் காட்டினேன். "இது எங்க கடையில வாங்கினதுன்னு என்ன ஆதாரம்?" நுகர்வோர் உதவி எண் 1915 எனக்கும் தெரியும். கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு.