உப்புத் தண்ணி, கறுப்பு வண்டி, ஐந்து கோடை

2021 தை மாதம் கறுப்பு செடான் எடுத்தோம். மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. வண்டி நிற்பது கூரை இல்லாத பார்க்கிங், மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். குழாயில் வருவது போர்த் தண்ணி. பக்கெட்டில் நாலு நாள் விட்டால் ஓரமெல்லாம் உப்புப் பூத்துவிடும்.

முதல் கோடையில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வண்டி கழுவுவேன். பின்பக்கம் துடைத்துவிட்டு முன்னால் வந்தால் பானெட் தானாகவே காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அதன் மேல் ஈரத்துணி போட்டால் கொஞ்சம் போகும், மீதி ஒட்டிக்கொள்ளும். மே மாத முடிவில் டாப்பில் சில வட்டங்கள் பெயிண்டிலேயே பதிந்துவிட்டன. அவை இன்றும் இருக்கின்றன. பாலிஷ் போட்டும் முழுசாகப் போகவில்லை.

எல்லோரும் சொன்னார்களே என்று அடுத்த வருடம் பெயிண்டுக்கு மேல் பாதுகாப்புப் படலமாகப் பூசும் சிராமிக் கோட்டிங் போட்டேன். தண்ணிக் கறையே படாது என்று கடையில் உறுதியாகச் சொன்னார்கள். அது சரியில்லை. கோட்டிங் போட்ட பெயிண்டில் தண்ணி உருண்டை உருண்டையாக நிற்கும். சாய்வான கதவில் உருண்டு ஓடிவிடும், ஆனால் தட்டையான டாப்பிலும் பானெட்டிலும் அப்படியே உட்கார்ந்து காயும். அந்த உருண்டைக்குள் இருந்த உப்பு முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். தூசி சுலபமாகப் போகிறது, புதுக் கறை சீக்கிரம் விடுகிறது, அந்த அளவில் கோட்டிங்கால் நன்மைதான். கறை வராமல் தடுக்கும் என்று நம்பி மட்டும் யாரும் காசு போட வேண்டாம்.

2023-ல் எங்கள் அசோசியேஷன் சாஃப்ட்னர் பிளான்ட் வைத்தது. ஒரு லிட்டர் தண்ணியில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் பேனாவை ஆசையாக வாங்கி அளந்தேன். பிளான்ட்டுக்குள் போகும் முன் 1,400, வெளியே வந்த பின்னும் ஏறக்குறைய அதே 1,400. பிளான்ட் ஓடவில்லை என்றே நினைத்தேன். விசாரித்ததில் புரிந்தது: சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. ஒரு லிட்டர் தண்ணி வண்டி மேல் காய்ந்தால் ஒன்றரை கிராம் அளவுக்கு ஏதோ ஒரு உப்பு மிஞ்சத்தான் செய்யும். ஆனாலும் பலன் இருந்தது. சோடியம் உப்பு தண்ணியில் கரையும். ஈரத்துணி பட்டதும் கறை போய்விடுகிறது, சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்வதில்லை. பாத்ரூம் குழாய்களே அதற்குச் சாட்சி.

உண்மையான தீர்வு அம்மா வழியாக வந்தது. ஏசி குழாயில் சொட்டுவதை ஒரு கேனில் பிடித்து அயர்ன் பாக்ஸுக்கு ஊற்றுவார். "டேய், இந்தத் தண்ணி ஊத்தினதுலேர்ந்து அயர்ன் பாக்ஸ் வெள்ளை வெள்ளையா கக்கறதே இல்ல" என்றார். உடனே பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். 22! காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டும் தண்ணி, அதில் உப்பு சேர அதிகம் வழியில்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் எங்களுக்கு எட்டு லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கிறது. அன்றிலிருந்து என் வண்டி மேல் கடைசியாகப் படுவது ஏசித் தண்ணி மட்டும்தான்.

செடிக்கு மருந்து அடிக்கும் ஐந்து லிட்டர் ஸ்பிரேயர் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மருந்து ஒரு நாளும் ஊற்றியதில்லை. ஏசித் தண்ணியைத் துணியில் வடிகட்டி அதில் நிரப்புவேன். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் வழவழப்பு வந்துவிடும், கொசுவும் சேரும், அதனால் சனிக்கிழமை பிடித்ததை ஞாயிறு காலி செய்துவிடுவேன்.

கத்திரி வெயில் நாட்களில் காலை ஐந்தரைக்கே இறங்கிவிடுவேன். சாயங்காலம் கழுவிப் பார்த்திருக்கிறேன், ஒத்துவரவில்லை. வெயில் இறங்கினாலும் தகட்டில் சூடு அப்படியே இருக்கிறது. புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள், இதமான சூடு தெரிந்தாலும் தண்ணி ஊற்றாதீர்கள். முழு வண்டிக்கும் ஷாம்பு போட்டுவிட்டு மொத்தமாக அலசும் பழக்கத்தையும் கோடையில் விட்டுவிட்டேன். முதலில் டாப், பிறகு கண்ணாடி, பானெட், டிக்கி, கடைசியில் கதவுகள். ஒரு பகுதிக்கு ஷாம்பு போட்டு, குழாய்த் தண்ணியில் அலசி, அது காய்வதற்குள் மேலிருந்து கீழாக ஏசித் தண்ணி அடித்து உப்புத் தண்ணியை வழித்துவிட வேண்டும். உடனே துண்டு. அதன் பிறகுதான் அடுத்த பகுதி. முழு வண்டிக்கு நாலு லிட்டர் போதுமானதாக இருக்கிறது.

துண்டைத் தேய்க்க வேண்டாம். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் தண்ணியைக் குடித்துவிடும். முதலில் நானும் மஞ்சள் ஷாமி, அதாவது தண்ணி உறிஞ்சும் ரப்பர் மாதிரியான துணி, வைத்திருந்தேன். காய்ந்தால் அப்பளமாக விறைத்துப்போகும், ஒரு மணல் துகள் மாட்டினால் வண்டி முழுக்கக் கோடு இழுக்கும். இப்போதுள்ள இரண்டு துண்டுகளுக்கு மூன்று வருடம் ஆகிறது. தனியாகத் துவைக்கிறேன், கம்ஃபர்ட் மாதிரி எதுவும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் தண்ணி உறிஞ்சுவது குறைந்துபோகும்.

நான் நெடுநாள் கோட்டைவிட்ட இடம் சைடு மிரர். எல்லாம் துடைத்து முடித்த பிறகும் அதற்குள்ளிருந்து உப்புத் தண்ணி கசிந்து கதவில் கோடாக இறங்கும். நம்பர் பிளேட், கைப்பிடி, பெட்ரோல் மூடி எல்லாமே இதே கதைதான். இப்போது துடைத்து முடித்ததும் பால் வாங்க ஒரு சுற்று போய்வருவேன். குலுங்கி வெளியே வந்ததைச் சின்னத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் தீர்ந்தது.

அப்படியும் கறை விழுந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணி கலந்து, நிழலில் துணியால் ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, ஷாம்பு தண்ணியில் கழுவுகிறேன். அந்த வாரத்துக் கறைக்கு அது கேட்கும். பழையதற்குக் கேட்காது.

குடியிருப்பில் வண்டிகளைத் துடைக்கும் அண்ணன் இப்போது எங்கள் வீட்டு வாசலில் காலி கேன் வைத்துவிட்டுப் போகிறார். ஐப்பசியில் ஏசி ஓடாது என்பது ஒன்றுதான் குறை. அப்போது மழை பிடித்து அரைமணி நேரம் கழித்து மொட்டை மாடிக் குழாயடியில் டிரம் வைக்கிறேன். போன வருடம் அதை அளந்தபோது 30 காட்டியது.