அட்டையா, திரையா, உப்புத்தாளா, மடியா? சின்னக் குழந்தைக்கு வீட்டில் வாசிப்பு

ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீடென்றால் போதும், பெற்றோர் கைபேசிக்கு விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். சொல் அட்டைக் கட்டு, காணொளித் தொகுப்பு, செயலி, ஆங்கில எழுத்துகளின் ஒலியைச் சொல்லித்தரும் போனிக்ஸ் வகுப்பு என்று வரிசையாக வரும். பக்கத்து வீட்டுக் குழந்தை 'வாசிக்கிறது' என்று கேள்விப்பட்டால் மனம் இன்னும் பதறும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுவரை மடியில் வைத்துப் படித்துக் காட்டுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. மூன்றரைக்குமேல் விருப்பம் காட்டினால் விரலால் தடவும் எழுத்துகளைக் கொடுக்கலாம். அட்டைக்கும் காணொளிக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

அட்டை முறையைப் பரப்பியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மூளைக் காயம் பட்ட குழந்தைகளோடு வேலை செய்த கிளென் டோமன். 1964-இல் வந்த அவருடைய புத்தகம்தான் இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அட்டைக் கட்டுகளுக்கு மூதாதை. வெள்ளை அட்டையில் பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு முழுச் சொல் இருக்கும். அதைக் கண் சிமிட்டும் நேரம் காட்டி, உரக்கச் சொல்லி, அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். தினமும் பலமுறை இதே வேலை.

குழந்தை அந்தச் சொற்களைச் சொல்லவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 'பாட்டி' என்ற அட்டையைக் கண்டதும் "பாட்டி!" என்று கத்தும் குழந்தையிடம், அதே அளவில், அதே சிவப்பில் 'பட்டி' என்று எழுதிக் காட்டுங்கள். அப்போதும் "பாட்டி!" என்று சொன்னால், அது எழுத்தைப் பார்க்கவில்லை, மொத்த வடிவத்தை மனப்பாடம் செய்திருக்கிறது என்று அர்த்தம். துணைக்கால் ஒன்று காணாமல் போனதே அதற்குத் தெரியாது. நல்ல ஞாபகசக்திதான், சந்தேகமில்லை. வாசிப்பு என்பது வேறு.

தமிழுக்கு இந்த முறை ஆங்கிலத்தைவிடவும் குறைவாகவே பொருந்தும். ஆங்கிலத்தில் 'ட்ரீ' என்ற சொல் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில்தான் இருக்கும். தமிழில் மரம் என்பது மரத்தில், மரத்துக்கு, மரத்தடியில், மரங்கள் என்று உருமாறிக்கொண்டே போகும். அட்டையில் 'மரம்' பார்த்துப் பழகிய குழந்தைக்கு 'மரத்தில்' புதுச் சொல். எத்தனை அட்டை வாங்குவீர்கள்? டோமன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் முழுமனதோடு ஏற்பேன்: குழந்தைக்குச் சலிப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். எந்த முறைக்கும் அது பொருந்தும்.

காணொளி விஷயத்தில் எனக்கு இரண்டு மனமே இல்லை. ஒன்பது மாதக் குழந்தைக்கும் வாசிக்கக் கற்றுத்தரலாம் என்று சொல்லி, அமெரிக்காவில் ஒரு டிவிடி தொகுப்பு ஏறத்தாழ 200 டாலருக்கு விற்றது. 'யுவர் பேபி கேன் ரீட்' என்று பெயர். 2012-இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் அந்த விளம்பரங்கள் பொய்யானவை என்று வழக்குப் போட்டது. 2014-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சூசன் நியூமன் குழு, 9 முதல் 18 மாதம் வரையிலான 117 குழந்தைகளை வைத்துக் குழந்தைகளுக்கான இத்தகைய வாசிப்புத் தொகுப்பு ஒன்றைச் சோதித்தது. பாதிப் பேருக்குத் தொகுப்பு, மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் வாசிப்பில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்த ஒரே இடம் பெற்றோரின் நம்பிக்கை. குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஆசையோடு பார்க்கும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன், அந்த ஆசையை விலைக்கு விற்றவர்கள் மேல்தான் கோபம்.

இதற்கும் முன்னால், 2003-இல் மொழி ஆய்வாளர் பாட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் உட்கார்ந்து பேசி விளையாடியவரிடமிருந்து சீன ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்ட அந்த வயதுக் குழந்தைகள், அதையே திரையில் பார்த்தபோது எதையும் பிடிக்கவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. செயலிகளுக்கும் இதே பதில்தான்.

போனிக்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது ஆங்கிலத்தின் தேவை. 'சி, ஏ, டி' என்று எழுத்துப் பெயர்களைச் சேர்த்தால் பூனையைக் குறிக்கும் 'கேட்' வராது, அதனால் ஒலியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தமிழில் 'ப' என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்துக்கு நான்கு, ஐந்து வயதில் போனிக்ஸ் நல்ல வழிதான். இரண்டு வயதுக் குழந்தையை அதற்கென்று வகுப்புக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

உப்புத்தாள் எழுத்து மாண்டிசோரியின் வழி. 1907-இல் ரோம் நகரில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டி, எழுதும் திசையிலேயே குழந்தையின் விரலை ஓடவிட்டு, ஒலியைச் சொல்ல வைப்பார்கள். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. வீட்டில் உப்புத்தாள் இல்லையா, அட்டையில் பசை தடவி ரவை தூவினாலே போதும். மூன்று வயதுக்கு முன்னால் இதை ஆரம்பித்தால் ரவை வாய்க்குத்தான் போகும், அவசரம் வேண்டாம்.

இனி மடி. எருமை குளத்தில் இறங்கும் படம் ஒன்று, கீழே ஒரே வரி. பாட்டியின் மடியில் இரண்டு வயதுப் பேரன்.

"இது யாருடா தங்கம்?"

"எம்மை."

"ஆமா, எருமை. பெரிய கறுப்பு எருமை. எங்க போகுது?"

"தண்ணி."

"குளத்துத் தண்ணிக்குள்ள போகுது. ஏன் போகுது?"

"சூடு!"

அவன் சொன்ன ஒற்றைச் சொல்லைப் பாட்டி நீட்டி, சரியாக்கி, திருப்பிக் கொடுக்கிறார், அடுத்த கேள்வியையும் போடுகிறார். இப்படிக் கேட்டுக் கேட்டுப் படிப்பதைத்தான் 1988-இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு சோதித்தது. 21 முதல் 35 மாதக் குழந்தைகளின் தாய்மாருக்கு ஒரு மாதம் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். சும்மா படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்களுடைய குழந்தைகளின் பேச்சு தெளிவாக முன்னேறியிருந்தது.

இதில் எழுத்து எங்கே என்று கேட்பீர்கள். ஐந்து வயதில் கு, ள, ம் என்று கூட்டிப் படிக்கும் குழந்தைக்குக் குளம் என்றால் என்ன என்று முன்பே தெரிந்திருந்தால்தான் முகம் மலரும். தெரியாவிட்டால் அது வெறும் சத்தம். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் 'இருக்கு' என்கிறோம், புத்தகத்தில் 'இருக்கிறது' என்று இருக்கிறது. அந்த எழுத்துத் தமிழ் குழந்தையின் காதில் முதலில் விழ வேண்டும். அதனால் வரியை ஒருமுறை புத்தகத்தில் உள்ளபடியே படியுங்கள், அப்புறம் பேச்சில் பேசுங்கள். எந்த அட்டையும் இதைத் தராது. செலவும் பெரிதல்ல: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது.

பின்தங்கிவிடுமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிப்பு தொடங்கியவர்களையும் ஏழில் தொடங்கியவர்களையும் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். பதினொரு வயது வாக்கில் இரு தரப்பின் வாசிப்பும் சமமாகிவிட்டது.

சில குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே மூன்று வயதில் பேருந்துப் பலகையைப் படிக்கும். சந்தோஷப்படுங்கள், தடுக்காதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் படிக்கிற குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சுக்குப் பதில் பேச்சு இல்லை என்றால், பெருமையோடு விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

எழுத்து தொடங்கும்போது 'அ'விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதவைப்பது ஆசீர்வாதம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சின்ன விரலுக்கு 'அ' கடினமான வளைவு. ட, ப இரண்டும் நேர்கோடுகள். கூடவே 'ம'வையும் புள்ளியையும் கொடுத்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று நான்கு சொற்கள் உடனே கைக்கு வந்துவிடும். கெ, கே, கை போன்றவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கொம்பு முன்னால் நிற்க ஒலி பின்னால் வருவது பெரிய குழந்தைகளையே குழப்பும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கும் வேலை பள்ளிக்கூடத்தில் நடக்கட்டும்.