டிபிஎஃப் கழுவித் தருகிறோம் என்று உள்ளே இருப்பதையே எடுத்துவிடுகிறார்கள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் டீசல் கார், ஜீப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரை, சுத்தம் பண்ணுவதற்காக என் காரை ஒரு கராஜில் விட்டேன். 45,000 ரூபா வாங்கிக்கொண்டு, ஃபில்டருக்குள் இருந்த செரமிக் பாகத்தை உடைத்தெடுத்துவிட்டு வெறும் உறையைத் திரும்ப மாட்டித் தந்திருக்கிறார்கள். பில்லில் இருப்பதோ 'டிபிஎஃப் கிளீனிங்'.

காரை எடுக்கப் போனபோது டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் இல்லை, இழுவையும் நன்றாக இருந்தது. "மெஷின்ல போட்டுக் கழுவினது அண்ணே, இனிப் பயப்படத் தேவையில்ல" என்றார் பாஸ். கொஞ்ச நாளில் கினிகத்தேனை ஏற்றத்தில் பின்னால் கறுப்புப் புகை கிளம்பியது. என்ஜின் ஆறியதும் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் அப்பிய கரி. ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் அந்த இடம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். இந்தச் சோதனைக்குக் காசும் தேவையில்லை, பாஸும் தேவையில்லை.

கண்டியில் வேறொருவரிடம் காட்டினேன். காரைத் தூக்கியதும் உறையின் மேல் பக்கம் புது வெல்டிங் தெரிந்தது, கீழே இருந்து பார்த்தால் கண்ணில் படாத இடம். ஸ்கேனில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், என்ஜினை எவ்வளவு முடுக்கினாலும் பூச்சியத்தை விட்டு அசையவில்லை, அதாவது உள்ளே புகையைத் தடுக்க எதுவுமே இல்லை. லைட் எரியாதபடி காரின் கம்ப்யூட்டரிலும் கை வைத்திருந்தார்கள். கழற்றிய செரமிக்கில் பூசியிருக்கும் பிளாட்டினத்துக்கு வேறு விலை உண்டு.

ஃபில்டர் அடைத்தால் உண்மையில் செய்ய வேண்டியது என்ன? ஃபில்டரில் சேர்வது இரண்டு. ஒன்று கரி. அது 600 பாகை அளவு சூட்டில் எரிந்துபோகும், ஸ்கேனரை வைத்தும் எரிக்க வைக்கலாம். மற்றது என்ஜின் ஒயிலில் இருந்து வரும் சாம்பல். அது எரியாது. கழற்றி, காற்றாலோ அதற்கான மெஷினாலோ வெளியேற்ற வேண்டும். ஆகவே சாம்பல் குறைந்த, டிபிஎஃப்புக்கு என்றே எழுதியிருக்கும் ஒயிலைப் போடுங்கள், கந்தகம் குறைந்த சூப்பர் டீசலை அடியுங்கள். ஒயில் மட்டம் கூடிக்கொண்டே போனால், கரியை எரிக்க விடும் டீசல் ஒயிலில் கலக்கிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டாதீர்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. குளிரில் கடைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடினால் கரி எரியும் அளவுக்குப் புகைக்குழாய் சூடேறாது. கித்துல்கலைக்கு இறங்கும்போதும் சூடேறாது, ஏனென்றால் இறக்கத்தில் என்ஜினுக்கு டீசலே அநேகமாகப் போவதில்லை. திரும்பி ஏறும்போதுதான் நல்ல சூடு வரும். கரி எரியத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் ஓடி முடியுங்கள்.

"மலைக்கு அது சரிவராது, எல்லாரும் கழற்றித்தான் ஓடுறாங்க" என்று கடைசியில் அந்த கராஜில் சொன்னார்கள். என்னிடம் கேட்காமல் கழற்ற யார் உரிமை தந்தது? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012 இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. தோட்டத்து ரோட்டில் ஓரம் ஒதுங்கி நிற்பது கொழுந்து சுமந்து வரும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும். இத்தனை நாளும் என் கார் அவர்கள் முகத்தில் கரியைத் துப்பியிருக்கிறது. காசு போனதை விட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

கராஜில் விட வேண்டி வந்தால், கழற்றியதும் கூப்பிடச் சொல்லி நேரில் பாருங்கள். சுத்தம் பண்ணும் முன்னும் பின்னும் ஃபில்டரின் நிறையையும் ஸ்கேன் அழுத்தத்தையும் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைக்கலாம். ஆனால் எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில்லும் வெல்டிங் படங்களும் வைத்து நான் கொடுத்துவிட்டேன்.