தேய்ந்த பெறுமதியா, திரும்பக் கட்டும் பெறுமதியா?

வீட்டுக்கோ கடைக்கோ காப்புறுதி எடுக்கப் போனால் முகவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவுக்குப் போடலாம், அண்ணை?" என்பதுதான். எங்கள் ஆட்கள் வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, கட்டணம் எவ்வளவு என்பதற்குத் தாவிவிடுவார்கள். அந்தத் தொகை எந்த அடிப்படையில் என்று கேட்பவர் குறைவு. அடிப்படை இரண்டு உண்டு. ஒன்று, சேதம் நடந்த நாளில் கட்டடம் இருந்த நிலைக்குரிய பெறுமதி. அதாவது பழசாகிப் போனதற்குத் தேய்மானம் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவது. மற்றது, அதே கட்டடத்தை அதே அளவிலும் தரத்திலும் புதிதாகக் கட்ட ஆகும் செலவு. மாங்குளத்துக்குக் கிழக்கே, முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக நிற்கும் எங்கள் கட்டடத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுத்திருக்கிறேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தீக் காப்புறுதி என்று வாங்கினால் அடிப்படையில் தீயும் மின்னலும்தான் அடங்கும். புயல், வெள்ளம், வாகனம் வந்து மோதுவது போன்றவற்றை மேலதிகமாகச் சேர்க்க வேண்டும். வன்னியில் வெள்ளத்தைச் சேர்க்காமல் பத்திரம் எடுப்பவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. யுத்தத்தால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சேதத்திலும் முதல் ஒரு பகுதியை நாமே ஏற்க வேண்டும். கட்டடத்தைப் பற்றிய உண்மைகளை முன்மொழிவுப் படிவத்தில் மறைத்தால் பத்திரமே செல்லாமல் போகலாம். இரண்டு நிறுவனங்களில் எடுத்தாலும் இரட்டைப் பணம் வராது, நட்டத்தை அவர்கள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

தேய்ந்த பெறுமதி அடிப்படைக்கும் நியாயம் உண்டு. காப்புறுதித் தொகை குறைவாக இருப்பதால் கட்டணமும் குறைவு. சேதத்துக்குப் பிறகு கட்டடத்தைத் திரும்பக் கட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது, எரிந்தால் திரும்பக் கட்டப்போவதில்லை என்றிருப்பவருக்கு இதுவே போதும். இடிக்கப்போகும் பழைய களஞ்சிய அறைக்கும் அப்படித்தான்.

குடியிருக்கும் வீட்டுக்கும் தொழில் நடக்கும் கடைக்கும் ஏன் மற்றதைச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் நட்டம் வரும் விதம் அப்படி. கல் வீடு முழுதாக அழிவது அரிது. காற்று கூரையின் ஒரு பக்கத்தைத் தூக்கும்; வெள்ளம் உள்ளே நின்று சுவர்ப் பூச்சையும் கதவுகளையும் மின் இணைப்பையும் கெடுக்கும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும்: வீடுகள் பெரும்பாலும் நின்றன, உள்ளே இருந்தவைதான் போயின. இப்படிப் பகுதியாகச் சேதமாகும் கூரை மரம், கதவு, பூச்சு, வயரிங் எல்லாம் வேகமாகத் தேய்பவை. ஆனால் அவற்றைத் திருத்தப் புது ஓடும் புது மரமும்தான் வாங்க வேண்டும். பாதி தேய்ந்த ஓட்டைப் பாதி விலைக்கு விற்கும் கடை எங்கும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 60 இலட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 25 வீதம் என்றால் தேய்ந்த பெறுமதி 45 இலட்சம். புயலில் கூரை போய், திருத்த 12 இலட்சம் தேவைப்படுகிறது. 45 இலட்சத்துக்குத் தேய்ந்த பெறுமதியில் போட்டிருந்தால் 12 இலட்சத்திலும் கால்வாசி கழிந்து 9 இலட்சம் வரும். 60 இலட்சத்துக்குத் திரும்பக் கட்டும் பெறுமதியில் போட்டிருந்தால் 12 இலட்சமும் வரும். இரண்டிலும் நாம் ஏற்கும் முதல் பகுதி கழியும், அதை இங்கே விட்டுவிடுகிறேன். கட்டணம் காப்புறுதித் தொகையின் மீது ஒரு வீதமாகக் கணிக்கப்படுவதால், வீதம் ஒன்றாக இருந்தால் இரண்டாவதற்கு மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாகக் கட்ட நேரும். கையில் மூன்று இலட்சம் இல்லாமல் கூரை வேலையைப் பாதியில் நிறுத்துவதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல.

ஆனால் முகவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று இதற்குள் இருக்கிறது. என் முடிவு முழுதும் அதில்தான் தங்கியிருக்கிறது. குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், எந்தச் சேதம் வந்தாலும் அதே விகிதத்தில் இழப்பீட்டை வெட்டுவார்கள். 60 இலட்சக் கட்டடத்தை 30 இலட்சத்துக்குப் போட்டிருந்தால் நிறுவனத்தின் கண்ணில் மறுபாதிக்கு நீங்களே காப்புறுதியாளர். 12 இலட்சச் சேதத்துக்கு 6 இலட்சம்தான் வரும். "சேதம் 12 இலட்சம், பத்திரம் 30 இலட்சம், பிறகென்ன?" என்று வாதிட்டுப் பயனில்லை. தேய்ந்த பெறுமதிப் பத்திரத்திலும் இதே வெட்டு உண்டு: 45 இலட்சத்துக்கு 30 இலட்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு; தேய்மானம் போன 9 இலட்சத்தில் மூன்றில் இரண்டு என்றால் அதுவும் 6 இலட்சம்தான். குறைத்துப் போட்டவருக்கு இரண்டு வழியும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. "நல்ல" அடிப்படையைக் கேட்டு வாங்கிவிட்டுத் தொகையைக் குறைத்துப் போடுவதில் எந்த லாபமும் இல்லை.

சேதம் நடக்கும் காலத்துச் செலவுதான் இங்கே அளவுகோல். பத்திரம் எடுத்த நாள் விலை கணக்கில் வராது. 2022-இல் ரூபாய் விழுந்தபோது ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்ற சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கட்டும் செலவு ஒன்றரை மடங்கானால் மேலே சொன்ன 60 இலட்சக் கட்டடம் 90 இலட்சமாகும், கூரைத் திருத்தம் 18 இலட்சமாகும். பத்திரத்தில் பழைய 60 இலட்சமே கிடந்தால் அந்த 18-க்கு 12 தான் வரும். இந்த விலையேற்றத்தில் தேய்ந்த பெறுமதியும் கூடவே ஏறும் என்றாலும், திரும்பக் கட்டும் பெறுமதி எடுத்தவருக்குத்தான் ஏமாற்றம் அதிகம். முழுதும் வரும் என்று நம்பியிருப்பவர் அவர். ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது மேசனைக் கூப்பிட்டுச் சதுர அடிக் கணக்கைத் திரும்பப் போடத் தயாரில்லாதவர் இதை எடுக்க வேண்டாம். தொகையை ஆண்டுக்குள் தானாக உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணத்துக்குத் தருகின்றன. உண்மைச் செலவின் 85 வீதத்துக்குக் கீழே தொகை போகாதவரை வெட்டில்லை என்ற சலுகையும் சில பத்திரங்களில் உண்டு. இரண்டையும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

தொகையைத் தவறாகப் போட இங்கே காரணங்கள் நிறைய. இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியவர்களுக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அந்த எண் மனத்தில் பதிந்துவிட்டதால் 'ஆறு இலட்ச வீடு' என்றே இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பணத்துக்கு இன்று அத்திவாரத்தைத் தாண்டுவதே கடினம். அதற்கு நேர்மாறாக, ஏ9 வீதியோரக் காணி விலையையும் சேர்த்துப் பெரிய தொகை போடுபவர்களும் இருக்கிறார்கள். காணி எரியாது; அதற்குக் கட்டிய கட்டணம் வீண். வங்கிக் கடனுக்காக எடுத்தவர்களின் நிலை இன்னும் மோசம். கடன் 15 இலட்சம் என்றால் பத்திரமும் 15 இலட்சத்துக்கு. இழப்பீடு வந்தால் முதலில் கைநீட்டுவது வங்கி. 60 இலட்சக் கட்டடத்தில் அது கால்வாசிப் பாதுகாப்பு, 12 இலட்சச் சேதத்துக்கு 3 இலட்சம்.

காணி உறுதி இல்லாதவர், அரச அனுமதிப்பத்திரக் காணியில் கட்டியவர் காப்புறுதி எடுக்க முடியாது என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆனால் உண்மையான கேள்வி, அந்தக் கட்டடம் அழிந்தால் உங்களுக்குப் பணநட்டம் உண்டா என்பதுதான். காணியின் நிலையை உள்ளபடி படிவத்தில் எழுதிவிடுங்கள். திரும்பக் கட்டும் பெறுமதியில் மட்டும் ஒரு சிக்கல்: உண்மையில் கட்டினால்தான் முழுப் பணம், அதுவும் குறித்த காலத்துக்குள், பல பத்திரங்களில் அது 12 மாதம். கட்டாவிட்டால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். கட்டட அனுமதி எடுக்க அலைய வேண்டியவர் இந்தக் காலக்கெடுவை முன்கூட்டியே பேசி நீட்டிக்கொள்வது நல்லது.

கடைச் சரக்குக்கு இந்த விவாதம் பொருந்தாது. சரக்கு எப்போதும் கொள்விலைக்குத்தான், விற்பனை இலாபம் சேராது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது வியாபாரிகள் இழந்ததில் பெரும்பகுதி சரக்குத்தான். வாடகைக் கடைக்காரர் கட்டடத்தை உரிமையாளரிடம் விட்டுவிட்டுச் சரக்கைக் கவனிக்கட்டும். நெல் வாங்கி வைப்பவர்கள் காலபோக அறுவடைக்குப் பிறகு களஞ்சியம் நிறைந்திருக்கும் அளவைச் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதத்து வெறும் களஞ்சியத்தைப் பார்த்துத் தொகை போட்டால் அதே விகித வெட்டு இங்கேயும் வரும்.

இயந்திரங்களில் எனக்குத் தெளிவில்லை. எங்கள் கடையில் இருப்பது ஒரு பழைய மா அரைக்கும் இயந்திரமும் ஆழ்குளிர்ப்பெட்டியும் மட்டுமே. அவற்றைத் தேய்ந்த பெறுமதியிலேயே விட்டுவிட்டேன், பழுதானால் யாழ்ப்பாணத்தில் பாவித்த ஒன்றை வாங்கலாம் என்ற தைரியத்தில். அரிசி ஆலை வைத்திருப்பவருக்கு இது சரிவராமல் போகலாம். எங்கள் பத்திரத்தில் இதுவரை இழப்பீடு கேட்க நேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து நின்றால் பேச்சு எப்படிப் போகும் என்பதை நான் அனுபவத்தில் அறியேன். மேசன் எழுதித் தந்த செலவுக் கணக்கையும், திகதியுடன் எடுத்த படங்களையும் பத்திரத்தின் பிரதியோடு சேர்த்து வேறு வீட்டில் வைத்திருக்கிறேன். பேச்சு முறிந்தால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். அவரிடம் போகுமுன் நிறுவனத்தின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.