பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ: போடிமெட்டு ஏற எந்த வண்டி?

மச்சினனுக்கு வீடு தேனி மாவட்டம் போடியில், ஏலத்தோட்டம் மலைக்கு மேலே கேரளாவின் பூப்பாறை பக்கம். வாரத்தில் மூன்று நாளாவது போடிமெட்டு மலை ஏறி இறங்கியாக வேண்டும். பதினோரு வருடம் ஓடிய பழைய டீசல் வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது எடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. "மாருதி பிரெஸ்ஸாவா, டாடா நெக்ஸானா, ஹூண்டாய் வென்யூவா? எது நல்ல கம்பெனி மச்சான்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிட்டது. மாமனார் ஓட்டிப் பழகியது மாருதி 800-இல், அவருக்கு வேறு கம்பெனியே கிடையாது. மச்சினன் பொண்டாட்டிக்கு வென்யூவின் உள்பக்கம் பிடித்துவிட்டது. சித்தப்பா மகன் டாடா கட்சி. கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்தே தகரம் கெட்டி என்று சொல்லிவிடுவான்.

எனக்கு இந்தக் கம்பெனிக் கேள்வியே சரியாகப் படவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர்ப் பலகை, ஆனால் உள்ளே இருக்கும் இன்ஜின் மாறினால் அது வேறு வண்டி. 83 பிஎஸ் (குதிரைத்திறன்) பெட்ரோல் வென்யூவும் டீசல் வென்யூவும் பார்க்கத்தான் அண்ணன் தம்பி. அதனால் கம்பெனியை ஓரமாக வைத்துவிட்டு, மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் தொடங்கும் அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இருந்து ஆரம்பித்தோம்.

அந்த வளைவுகளில் என்ன நடக்கும் என்று அந்த வழியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேலேயிருந்து லாரியோ கேரளா ஜீப்போ இறங்கும். நாம் ஒதுங்கி, கிட்டத்தட்ட நின்று, மறுபடி எடுக்க வேண்டும். வண்டிக்குள் நாலு பேர், பின்னால் இரண்டு மூட்டை, ஏசி ஓடுகிறது. செகண்ட் கியரில் ஆயிரத்து இருநூறு, முந்நூறு ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) மிதித்தால் வண்டி இழுக்கிறதா, இல்லை முனகிவிட்டு ஃபர்ஸ்ட் கேட்கிறதா? இங்கே குதிரைத்திறனைவிட டார்க் எனும் இழுவைதான் பேசும். அந்த இழுவையும் எவ்வளவு கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

பிரெஸ்ஸாவில் 1462 சிசி பெட்ரோல் இன்ஜின், நாலு சிலிண்டர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. சக்தி 103 பிஎஸ். இழுவை சுமார் 137 நியூட்டன் மீட்டர், அதுவும் முழுதாகக் கிடைப்பது 4400 ஆர்பிஎம்மில். தேனி பஜாரில் ஓட்ட இதைப்போல் சுகம் இல்லை. அதிர்வு இல்லை, உறுமல் இல்லை, லேசான கிளட்ச். ஆனால் வளைவில் அடிக்கடி ஃபர்ஸ்டுக்குப் போய், நன்றாக மிதித்துத்தான் ஏற்ற வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜினுக்கு மூச்சு இன்னும் கொஞ்சம் குறையும். ஏறாது என்று இல்லை, மாமனார் 800-லேயே ஏறியிருக்கிறார். வாரம் மூன்று நாள் அப்படி ஏற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நெக்ஸான் பெட்ரோலில் 1.2 லிட்டர் டர்போ, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். டர்போ விழித்துக்கொண்டால் நல்ல இழுவை, விழிக்கும்வரை கொஞ்சம் சோம்பல். வளைவில் அந்தச் சோம்பல் நேரத்தில்தான் நாம் இருப்போம். டீசல் கதை வேறு. அதில் 1.5 லிட்டர், 115 பிஎஸ், 260 நியூட்டன் மீட்டர். அது 1500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. பிரெஸ்ஸாவின் இழுவையைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மூன்றில் ஒரு பங்கு சுற்றில்.

வென்யூவின் 1.2 பெட்ரோலை இந்த ரோட்டுக்கு நினைத்தே பார்க்க வேண்டாம். ஒரு லிட்டர் டர்போ 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர், ஓட்ட உற்சாகமான இன்ஜின். ஆனால் அதோடு வரும் டிசிடி (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக் உலர் கிளட்ச் வகை. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் இன்ச் இன்சாக ஊர்ந்தால் கிளட்ச் சூடாகும். எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த வகையின் குணம் அது. பிரெஸ்ஸாவில் இருக்கும், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் இந்த விஷயத்தில் அலட்டிக்கொள்ளாது. வென்யூ டீசல் 116 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், நெக்ஸான் டீசலுக்குச் சமமாகவே நிற்கும்.

ஆக, மலைக்கு டீசல். "டீசலை இப்ப யார் எடுக்கிறா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். டவுனுக்குள் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம்தான். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். நல்ல சூட்டோடு அரை மணி, முக்கால் மணி ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். இவன் வண்டியோ வாரம் மூன்று தடவை மலை ஏறும், டிபிஎஃபுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. காசுக் கணக்கும் போட்டோம். வருடத்துக்கு 14,400 கிலோமீட்டர். மலையில் பெட்ரோல் 11, டீசல் 15 கொடுக்கும் என்பது என் ஊகம். பெட்ரோல் 102, டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 44,000 மிச்சம். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது மூன்று வருடத்தில் திரும்பிவிடும். வருடம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதே கணக்கு சிரிப்பாக இருக்கும்.

அப்புறம் வரி. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால்தான் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நெக்ஸானும் வென்யூவும் 18-க்குள் வந்துவிடுகின்றன. பிரெஸ்ஸா நீளத்தில் பாஸ், 1462 சிசியில் ஃபெயில். நாம் கொடுக்கும் காசில் வண்டிக்குப் போவது எவ்வளவு, அரசுக்குப் போவது எவ்வளவு என்று பார்த்தால் இந்த இடத்தில் பிரெஸ்ஸா மேல் எனக்கே பாவமாக இருந்தது.

அது டெல்லி வரி. நம் மாநில ஆயுள் வரி இன்னொரு பள்ளம். 2023 நவம்பரில் இருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், தாண்டினால் 20 லட்சம் வரை 18. வண்டி 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700. அதே 10.10 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் வேரியன்ட் வித்தியாசத்துக்கு 53,100 கூடுதல் வரி! பத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று ஒரு சதவீதம் முன்கூட்டிய வருமான வரி வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், பரவாயில்லை. அதனால் பத்து லட்சத்துக்கு ஒட்டி இருக்கும் வேரியன்டைப் பார்த்தால் உடனே கால்குலேட்டரை எடுங்கள். சேல்ஸ் பையன் அதைச் சொல்ல மாட்டான், மாதத் தவணையில் எவ்வளவு கூடுகிறது என்று மட்டும் சொல்வான்.

பாதுகாப்பில் டாடா கட்சிக்காரன் பேச்சில் நியாயம் இருக்கிறது. 2018-இல், கார்களை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய கார் நெக்ஸான். 2024-இல் கடுமையான புது விதிகளிலும் ஐந்து வாங்கியது. பிரெஸ்ஸாவின் நாலு நட்சத்திரம் 2018-இல், பழைய விதியில், அப்போதைய விட்டாரா பிரெஸ்ஸாவுக்குக் கிடைத்தது. இன்று ஷோரூமில் நிற்பது அந்த வண்டி அல்ல. டிக்கியும் நெக்ஸானில் 382 லிட்டர், பிரெஸ்ஸாவில் 328. ஏலக்காய் மூட்டை எடை குறைவு, இடம் அதிகம் கேட்கும்.

மாருதிக்கு சர்வீஸ் பெரிய பலம், அதை மறுக்க முடியாது. எந்த ஊரில் நின்றாலும் கை வைக்க ஒரு மெக்கானிக் இருப்பார். ஆனால் டீலரைப் பொறுத்து எந்தக் கம்பெனியும் சொர்க்கமாகும், நரகமாகும். என் முந்தைய வண்டிக்கு ஒரு டீலர், மட்ஃபிளாப்பும் கால்மிதியும் அடங்கிய "எசென்ஷியல் கிட்" என்று 18,000 ரூபாயைக் கேட்காமலே பில்லில் சேர்த்திருந்தார். இன்சூரன்ஸும் அவரிடமே எடுக்க வேண்டும் என்றார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. மூன்று வருட தேர்டு பார்ட்டி கட்டாயம்தான், ஆனால் எங்கே எடுப்பது என்பது நம் இஷ்டம். வெளியில் எடுத்ததில் எனக்குப் பதினான்காயிரம் குறைந்தது.

கடைசியில் நெக்ஸான் டீசலும் வென்யூ டீசலும் நின்றன. ஷோரூமில் பைபாஸில் நாலு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டித் திருப்பிவிடப் பார்த்தார்கள். நாங்கள் நாலு பேராக ஏறிக்கொண்டு, முந்தல் தாண்டி மூன்று வளைவாவது ஏற்றாமல் பேச்சே இல்லை என்றோம். இரண்டும் செகண்டிலேயே ஏறின. வென்யூவின் ஸ்டியரிங் இலகு, கியர் விழுவது வெண்ணெய். நெக்ஸான் பள்ளத்தில் விழுந்து எழும்போது பின்சீட்டில் இருந்த மாமனார் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தவில்லை. அவர் தண்டுவடத்தில் ஆபரேஷன் செய்தவர். அதோடு எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

மதுரையில் டவுனுக்குள் ஓட்டும் எனக்கு என்றால் வரியைச் சபித்துக்கொண்டே பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்கைத்தான் எடுப்பேன். மாமனாரிடம் இதைச் சொன்னதில் அவருக்குப் பாதி சமாதானம். மச்சினன் பத்து லட்சத்துக்குள் அடங்கும் நெக்ஸான் டீசல் மேனுவலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். குளிர்ச்சி தரும் சீட் அந்த வேரியன்டில் இல்லை என்று தெரிந்ததில் இருந்து வீட்டில் அவனுக்குக் காபி கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறதாம்.