டயல்-அப் லைனில் ஊர்கூடிக் கணக்குப் போட்ட காலம்: தர்மபுரிக்கு எது பொருந்தியது?

உலகம் முழுக்கச் சும்மா கிடக்கும் வீட்டுக் கணினிகளின் நேரத்தைச் சேர்த்து ஒரு பெரிய கணக்கைப் போடுவது, ஊர்கூடித் தேர் இழுப்பது மாதிரியான வேலை. 2000-களின் தொடக்கத்தில் அப்படிப் பல திட்டங்கள் இருந்தன. பெங்களூரு கூப்பிடு தூரத்தில் இருந்தும், தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அன்றைக்கு நெட் என்றால் போன் லைன் வழியே மோடம் போட்டு இணையும் டயல்-அப்தான். அந்த லைனை வைத்துக்கொண்டு எதில் சேர்ந்திருப்பது சரி என்று கேட்டால் பலரும், வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் என்பார்கள். என் தீர்ப்பு வேறு.

முதலில் லைனின் நிலைமை. மோடம் பெட்டியில் 56கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட், என்று போட்டிருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் 33.6-இல் இணைந்தாலே பெரிய விஷயம். நொடிக்கு 3 கேபி (கிலோபைட், அதாவது 24 கிலோபிட்) வந்தால் சந்தோஷம். மேலே அனுப்புவதற்கு, நல்ல லைனிலும் வி.90 என்ற அந்த 56கே வகை மோடத்தின் உச்சம் 33.6 கிலோபிட்தான். நெட்டில் இருக்கும் வரை போன் எங்கேஜ்டு. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிக்காரர் வீட்டில் அது நடக்கிற காரியமா? போன் பில் வேறு. ஆகவே வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று: ஒருமுறை லைனில் போய் வந்தால் கணினிக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கிறது?

செட்டி 1999 மே 17-இல் பெர்க்லியிலிருந்து தொடங்கியது. போர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்ததை 107 நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பினார்கள். ஒரு துண்டு சுமார் 350 கேபி. நம் வேகத்தில் இரண்டு நிமிடம். அதை முடிக்க அன்றைய பென்டியத்துக்குப் பல மணி நேரம் ஆகும். பழைய எந்திரமென்றால் ஒரு நாளையே தாண்டும். பதில் சில கேபிதான். இதுவரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரே துண்டைத்தான் கையில் வைத்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு வேலை முடிந்தால், காலையில் யாராவது டயல் செய்யும் வரை கணினி சும்மா நிற்கும். முன்கூட்டியே துண்டுகளைச் சேர்த்து வைக்க வேறு ஆட்கள் எழுதிய துணை மென்பொருள்கள் இருந்தன. அவற்றைத் தேடி நிறுவத் தெரிந்தவர்களுக்குச் சரி. இன்னொன்று, அந்த அழகான வண்ணத் திரைக்காப்பே கணக்குக்குரிய நேரத்தைத் தின்றது. திரையை வெறுமையாக விட்டால்தான் வேலை வேகமாக ஓடும். வேற்றுலகச் சமிக்ஞையைத் தேடுகிறோம் என்ற ஆசை பெரிய ஆசை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லைனுக்குப் பொருந்தியதா என்றால், அரைகுறையாகத்தான். 2005 டிசம்பரில் பழைய மென்பொருளை மூடிவிட்டு, பல நாள் வேலையைச் சேர்த்து வைக்கும் வசதியுள்ள பாயின்க் என்ற புது மென்பொருள் பக்கம் எல்லோரையும் நகர்த்தினார்கள். 2020 மார்ச் 31-க்குப் பிறகு புதுத் துண்டுகள் அனுப்பப்படவில்லை.

லைனுக்கு மிகவும் இரக்கம் காட்டியது டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட். பூட்டிய செய்தியின் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வேலை என்பதால், ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை பார்’ என்று சொன்னால் போதும், தரவே கிடையாது. நிறைய வேலையை ஒரு கோப்பில் நிரப்பி வைக்கலாம். மோடம் இணைந்திருப்பதைத் தானே கவனித்து, அந்த நேரத்தில் மட்டும் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. வீட்டில் லைனே இல்லையா, அந்தக் கோப்பைப் பிளாப்பியில் போட்டு பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப் போய்க்கூட அனுப்பலாம். 64-பிட் சாவியை 2002-இல் கண்டுபிடித்தார்கள்: 1,757 நாள், 3,31,252 பேர். ஆனால் ஒரு சாவி கிடைத்தது என்பதைத் தாண்டி அதில் எனக்குப் பெரிய பிடிப்பு வரவில்லை.

பிடிப்பும் லைனும் ஒன்றாகப் பொருந்தியது ஜிம்ப்ஸ். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கியது. அவர் எழுதிய பிரைம்95 மென்பொருளே இதன் உயிர். 2-ஐப் பலமுறை பெருக்கி 1 கழித்தால் வரும் எண் பகா எண்ணா என்று பார்க்கிறோம். சர்வரிடமிருந்து வருவது சோதிக்க வேண்டிய ஓர் அடுக்கெண் மட்டுமே, அதாவது 2-ஐ எத்தனை முறை பெருக்க வேண்டும் என்ற எண். கடிதத்தின் ஒரு வரி அளவுகூட இல்லை, ஆனால் அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வேலை இருக்கும். 1999 ஜூனில் இந்தத் திட்டம் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 20,98,960 இலக்கங்கள். பத்து லட்சம் இலக்கத்தைத் தாண்டிய முதல் பகா எண் அதுதான்.

பவர்கட்டுக்கும் இதுவே தோது. செய்த வேலையை அரை மணிக்கு ஒருமுறை வட்டில் எழுதிவைக்கும். அந்த இடைவெளியை நாமே குறைத்துக்கொள்ளலாம். யூபிஎஸ் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் போவது அதிகம் போனால் அரை மணி வேலைதான். சித்திரை வெயிலில் சூடேறி எந்திரம் தப்பாகக் கணக்குப் போட்டால், பல பிழைகளை அதுவே பிடித்துச் சொல்லிவிடும். எந்திரம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் பலர் பிரைம்95-ஐ ஓட்டிப் பார்ப்பதுண்டு.

போல்டிங் அட் ஹோம் இதற்கு நேரெதிர். ஸ்டான்போர்டில் 2000-இல் தொடங்கிய திட்டம், புரதம் எப்படி மடிகிறது என்று பார்ப்பது. நோக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விட என் மனத்துக்கு நெருக்கம். ஆனால் ஒருவர் அனுப்பும் முடிவிலிருந்துதான் அடுத்த துண்டு உருவாகும். அதனால் கெடு உண்டு, சேர்த்து வைக்க அனுமதி இல்லை. பதில் கோப்பும் கனமாக இருக்கலாம். 2 எம்பி பதிலை 3 கேபி வேகத்தில் அனுப்பப் பதினோரு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் லைன் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

காலநிலையைக் கணித்துப் பார்க்கும் ஆக்ஸ்போர்டின் கிளைமேட் பிரெடிக்‌ஷன் 2003 செப்டம்பரில் வந்தது. தொடக்கத்தில் இறக்கிக்கொள்ள வேண்டிய கோப்பு கனம். 10 எம்பி என்றால் நம் லைனில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதற்கப்புறம் மாதக்கணக்கில் கேள்வியே இல்லை. அவ்வப்போது சிறு தகவல் மட்டும் போகும். இதை நிறையப் பேர் டயல்-அப்புக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். ஒரு ராத்திரி பொறுத்தால் போதும் என்பதால் அந்த முடிவை நான் ஏற்கவில்லை.

பென்னாகரம் பக்கம் ஒரே லைன், நேரம் காலம் சொல்லாத பவர்கட் என்றிருந்த வீட்டுக்கு என் கை பிரைம்95-ஐத்தான் காட்டும். லைன் கொஞ்சம் சுத்தமாக இருந்து, ராத்திரியில் போனை யாரும் தேடாத ஓசூர் வீடாக இருந்தால் கிளைமேட். போல்டிங்கை மட்டும் பிராட்பேண்ட் வரும் வரை தள்ளி வைத்திருப்பேன். கெடு தாண்டி அனுப்பினால் அந்தத் துண்டு அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.